அரசு கொடுத்த லேப்டாப்புக்கு டிரைவர் கொடுப்பது யார்?

தஞ்சைப் பக்கம் அம்மாபேட்டையிலோ ஒரத்தநாட்டிலோ ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் போய்ப் பாருங்கள். மேசைமேல் இருக்கும் லேப்டாப்பின் மூடியில் அரசு முத்திரை பாதி தேய்ந்து கிடக்கும். கடைக்காரரின் மகளுக்குப் பிளஸ் டூவில் கிடைத்தது. மகள் படித்து முடித்து ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். லேப்டாப் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. சிட்டா நகல் எடுக்கிறது, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுகிறது, கார்த்திகை பிறப்பதற்குள் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு பதிகிறது. பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது; சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். இருந்தாலும் ஓடுகிறது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த லேப்டாப்புகள் அரை கோடிக்கும் மேல். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸிலேயே கடைசிப் பந்தி. 32-பிட் மட்டும்தான், 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் கண்டுகொள்ளாது, முகப்புப் படத்தைக்கூட மாற்ற விடாது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வாங்கிய கையோடு கடைக்குக் கொண்டுபோய், 300 ரூபாயோ 500 ரூபாயோ கொடுத்துத் திருட்டு அல்டிமேட்டை ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றியவர் பாஸையும் சேர்த்து அழித்தார். லேப்டாப்போடு வந்த டிரைவர்களும் அத்தோடு போயின.

டிரைவர் என்பது கணினியின் உறுப்புகளுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் நிற்கும் சிறு மென்பொருள். வைஃபைக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, டச்பேடுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. அது இருக்கும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணையில் பிரித்துவிட்டாலும், கிளை வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் பேராவூரணிக் கடைமடை வயல் காயத்தான் செய்யும். ஆபரேட்டிங் சிஸ்டம் புதிதாக வந்து, டிரைவர் வராமல்போன லேப்டாப்பின் கதையும் அதுதான். அணையைத் திறப்பதற்கு விழா எடுக்கும் அரசு தூர்வாருவதற்கும் பணம் ஒதுக்குகிறது. லேப்டாப் விஷயத்தில் விழாவோடு வேலை முடிந்துபோகிறது என்பதுதான் என் புகார்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்த நாள்களில் டெல்டாவில் யாருக்கும் விண்டோஸ் நினைவில்லை. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் மழையில் நனைந்து முளைவிட்டுக்கொண்டிருந்தது. ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக்கச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டமான விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். 2011-இல் வந்த லேப்டாப்பை விடுங்கள், திட்டத்தின் கடைசிக் காலத்தில் கொடுத்த, ஏஎம்டி ஏ-வரிசைச் செயலி உள்ள லெனோவா இ41 வகை லேப்டாப்புகளுக்கே அதில் இடமில்லை. உலகம் முழுக்க இந்த மாற்றத்தால் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று 2023-இல் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணித்தது. நம் ஊரில் குப்பைக்குப் போகாது. யாராவது ஒரு தம்பி அதில் எதையாவது ஏற்றி ஓட வைத்துவிடுவார். கேள்வி, எதை ஏற்றுகிறார் என்பதும் ஏற்றிய பிறகு எது வேலை செய்யாமல் போகிறது என்பதும்தான்.

பெரும்பாலும் முதலில் போவது கைரேகைக் கருவி. பிஎம் கிசான் திட்டத்தின் இ-கேஒய்சிக்கும் ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றுக்கும் விரல் வைக்க வேண்டும். அந்தக் கருவிக்கு டிரைவர் ஒன்று. அதற்குமேல் ஆதார் ஆணையம் கட்டாயமாக்கிய ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் ஒன்று. இரண்டில் எது படுத்தாலும் திரையில் ஏறக்குறைய ஒரே செய்திதான் வரும்: 'டிவைஸ் நாட் ரெடி'. பார்ப்பவருக்கு விரல்மேல்தான் சந்தேகம் வரும்.

“பெரியப்பா, விரல் ஈரமா இருக்கு, வேட்டியில தொடைச்சிட்டு நல்லா அழுத்தி வைங்க.”

“எவ்வளவு அழுத்துறது தம்பி? நாத்துப் பறிச்ச கை, ரேகையே இல்ல போல.”

ரேகை தேய்ந்திருப்பது உண்மைதான். நாற்றங்காலில் நாற்பது வருஷம் நின்ற கை அப்படித்தான் இருக்கும். ஆனால் பல நேரம் தப்பு கையில் இல்லை. முந்தின நாள் ராத்திரி விண்டோஸ் தானாகவே அப்டேட் ஆகியிருக்கும்; கோர் ஐசலேஷன் என்ற பகுதியில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு விழித்துக்கொண்டு, பழைய டிரைவரை உள்ளே விடாமல் நிறுத்தியிருக்கும். அல்லது முன்பு வைத்திருந்த வேறு கம்பெனிக் கருவியின் ஆர்டி சர்வீஸை அழிக்காமலே புதியதை ஏற்றியிருப்பார்கள். இவை எல்லாம் கணினிக்குள் 11100 முதல் 11120 வரையிலான போர்ட் எண்களில்தான் காத்திருக்கும். வலைத்தளம் முதலில் பதில் சொல்பவரைப் பிடித்துக்கொண்டால், கருவியே செருகப்படாத பழைய சர்வீஸ் ‘ரெடி இல்லை’ என்று சொல்லிவிடும். போதாததற்கு, பழைய எல்0 வகைக் கருவிகளை விலக்கிவிட்டு எல்1 வகைக்கு மாறச் சொல்லிவிட்டது ஆதார் ஆணையம். பழைய கருவிக்கு எந்த டிரைவர் போட்டாலும் இனி பிரயோசனம் இல்லை. பெரியவர் இரண்டு தடவை பஸ் ஏறி வந்துவிட்டுக் கை ராசியில்லை என்று திரும்பிப் போவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணம் தெரியும். அதன்மேல் இருமுறை சொடுக்கினால் ஓர் எண் வரும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் கருவி கிளம்ப மறுக்கிறது. கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. அதே பெட்டியில் டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போனால் ஹார்டுவேர் ஐடி கிடைக்கும். தயாரித்தவருக்கு ஓர் எண், கருவிக்கு ஓர் எண். லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கர் அழிந்திருந்தாலும், கம்பெனியே இல்லாமல் போயிருந்தாலும், இந்த எண்ணை வைத்துச் சரியான டிரைவரைத் தேடிவிடலாம். கம்பெனி இல்லாமல் போவது வெறும் பேச்சுக்குச் சொல்வது அல்ல. இலவச லேப்டாப் கொடுத்தவர்களில் ஒருவரான எச்சிஎல், 2013-இல் கணினி உற்பத்தியையே கைவிட முடிவெடுத்தது. மூடிய கடையில் போய் டிரைவர் கேட்க முடியுமா?

பிரிண்டர் தனிப் புராணம். தமிழ்நாட்டுக் கடைகளிலும் அலுவலகங்களிலும் எங்கும் தட்டுப்படும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்பாளி, பத்து வருஷம் ஆனாலும் அலுக்காது. விண்டோஸில் 64-பிட் டிரைவரைப் போட்டால் ஓடிவிடும். லினக்ஸில் ஏற்றப்போனால், கேனானின் தனி மொழியான கேப்ட் அதற்குள் உட்கார்ந்துகொண்டு தலையைத் தின்னும். அதன் போட்டியாளரான எச்பி லேசர்ஜெட் 1020, ஸ்விட்சை அணைத்தால் தன் ஃபர்ம்வேரை மறந்துவிடும். ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் அதற்கு ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். ஆனால் எச்பியே வெளியிட்ட எச்பிலிப் தொகுப்பு அதை லினக்ஸில் சமாளித்துவிடுகிறது. இரண்டும் ஒரே காலத்துப் பிரிண்டர்கள், ஏறக்குறைய ஒரே விலை. வாங்கும்போது யாரும் இந்த வித்தியாசத்தைப் பார்த்து வாங்குவதில்லை. அரசும் பார்ப்பதில்லை.

டிரைவர்தானே, எங்காவது கிடைத்ததைப் போட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்ட வேண்டும். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால், விண்டோஸின் ஆழத்தில் ஓடும் அதன் டிரைவர் குப்புற விழுந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சாதாரண மென்பொருள் கெட்டால் அது மட்டும் சாகும். கர்னலுக்குள் ஓடும் டிரைவர் கெட்டால் மொத்தக் கணினியும் சாகும். ஆகவே, ‘உங்கள் கணினியில் 37 டிரைவர்கள் பழையவை’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் இலவச டிரைவர் அப்டேட்டர்களைத் தொடாமல் இருப்பது நல்லது. அவை கொண்டுவரும் டிரைவர்களைவிட, கூடவே கூட்டிவரும் விருந்தாளிகள்தான் அதிகம்.

மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு, செய்பவர்தான் இல்லை. இப்போது நன்றாக ஓடும் கணினியிலிருந்து எல்லா டிரைவர்களையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளலாம். பிஎன்பியூடில் என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்குப் போகிறவருக்கு அந்த நகல் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஏற்றியபின் வைஃபை எடுக்கவில்லை, வைஃபை டிரைவர் இறக்க இன்டர்நெட் இல்லை என்று முழிப்பவர்கள், செல்போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் போதும், நெட் வந்துவிடும். முதலில் சிப்செட், பிறகு கிராஃபிக்ஸ், அதன்பின் மற்றவை என்ற வரிசையில் போனால் தலைவலி குறையும். பழையதன்மேலேயே விண்டோஸை அப்கிரேட் செய்தவர், பிடிக்காவிட்டால் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம், ஆனால் பத்து நாளைக்குள். பதினோராம் நாள் அந்தக் கதவு மூடிவிடும்.

எல்லாரும் மாற வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர்தான். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். கடைக்காரரிடம் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தியவை. சிலவற்றுக்கு டாங்கிள் என்ற பூட்டை யுஎஸ்பியில் செருகினால்தான் எழுத்து விழும். அந்த டாங்கிளுக்கும் ஒரு டிரைவர் உண்டு, அது விண்டோஸ் 7-ஓடு நின்றுபோயிருக்கும். புதுக் கணினி வாங்கினால் பதினைந்து வருஷத்துப் பத்திரிகை மாதிரிகள் அத்தனையும் கட்டம் கட்டமாகத் தெரியும். அவரைப் போய் மாறச் சொல்வது அநியாயம். அந்தக் கணினியின் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோகச் சொன்னால் போதும். தாராளமாக இன்னும் பத்து வருஷம் ஓட்டட்டும்.

இதே எழுத்துருச் சிக்கலை அரசு அலுவலகங்களும் சுமக்கின்றன. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், இனி யூனிகோடும் டேஸ்16-ம்தான் என்று ஆணை வந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ ஆண்டுகள் வானவில் எழுத்துருவில் கடிதம் தட்டினார்கள். அந்தக் கோப்புகளைப் புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாய் வரும். ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுகிறவர்கள் கீபோர்டு மென்பொருளையும் எழுத்துருவையும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. தமிழ் தட்டச்சு செய்கிற ஒவ்வொருவருக்கும் இது டிரைவருக்குச் சமமான விஷயம்.

ஆனால் ஆதார், வங்கி, பட்டா என்று ஊராரின் விவரங்களைக் கையாளும் கணினிக்குப் பேஜ்மேக்கர் கணினியின் சலுகையைத் தர முடியாது. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றன. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகைச் சுற்றியபோது அதிகம் மாட்டியவை அப்டேட் செய்யாத விண்டோஸ் 7 கணினிகளே. திருமலை தேவஸ்தானத்தின் சில கணினிகளும் அதில் சிக்கின. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பாதுகாப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தாலே அது இலவசமாகக் கிடைக்கும். இதைக் கிராமத்துச் சேவை மையங்களுக்கு யார் போய்ச் சொல்வது? மாவட்ட நிர்வாகம் ஒரு பக்கச் சுற்றறிக்கையில் முடிக்கக்கூடிய வேலை.

அதற்குப் பிறகு வழி லினக்ஸ்தான் என்று நான் நினைக்கிறேன். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. தேடி அலைய வேண்டியதில்லை. பென் டிரைவில் போட்டு, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் சத்தமும் பிரிண்டரும் எடுக்கின்றனவா என்று சோதித்தபிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஓர் எஸ்எஸ்டி போட்டால், 4 ஜிபி ராமிலேயே பழைய லேப்டாப் எழுந்து உட்காரும். இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. உமாசங்கர் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலேயே அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. விலையில்லா லேப்டாப்பில் பாஸ் வந்ததும் அந்தச் சிந்தனையின் மிச்சம்தான். தோற்றது ஏன் என்றால், ஏற்றிக் கொடுத்தார்களே தவிர, ஆசிரியருக்குப் பழக்கவில்லை, பாடத்தில் சேர்க்கவில்லை, பிள்ளை அழித்தபோது கேட்பாரில்லை. பக்கத்தில் கேரளம் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, இப்போது கைட் என்ற பெயரில், பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸைத் தயாரித்து, தானே பராமரித்தும் வருகிறது. அங்கே பத்தாம் வகுப்பு ஐடி தேர்வே அதில்தான்.

லினக்ஸிலும் சொர்க்கம் இல்லை. கைரேகைக் கருவிகளின் ஆர்டி சர்வீஸ் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே இருக்கிறது. 2011 காலத்து 32-பிட் செயலிகள் ஏதேனும் இருந்தால் அவற்றுக்கும் காலம் நெருங்கிவிட்டது. 2025-இல் வந்த டெபியன் 13, 32-பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலரே தருவதில்லை. ஆகவே சேவை மையத்துக்கு ஒன்று, பிள்ளைகள் படிப்பதற்கு ஒன்று என்று பிரித்துத்தான் யோசிக்க வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்து, மறுபடி எல்காட் மூலமாகவே வாங்குகிறார்கள். ஒரே கையில் இத்தனை லட்சம் வாங்குகிறவர் சொன்னால் எந்தக் கம்பெனியும் கேட்கும். டெண்டரில் ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று வரிவரியாக எழுதுகிறவர்கள் கூடவே சேர்க்க வேண்டியவை சில. மாடல் வாரியாக எல்லா டிரைவர்களையும் பயாஸ் கோப்புகளையும் எல்காட்டிடம் ஒப்படைக்க வேண்டும். எல்காட் அவற்றைக் கம்பெனி இருந்தாலும் போனாலும் பொதுவில் வைத்திருக்க வேண்டும். வைஃபைக்கும் கேமராவுக்கும் கர்னலிலேயே டிரைவர் உள்ள சில்லுகளைத்தான் போட வேண்டும். விற்பனை முடிந்தபிறகும் இத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று எழுதி வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் ஸ்மார்ட்போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் விற்பனை நின்றபின் ஐந்து ஆண்டு என்று சட்டமே போட்டிருக்கிறது. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் திறந்து, டிராக்டர் முதல் செல்போன் வரை சேர்த்தது. உதிரி பாகத்தோடு டிரைவரும் அதில் உரிமையாக வர வேண்டும்.

பழைய லேப்டாப்புகளுக்கு, அந்தந்த வட்டாரப் பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்களை வைத்து முகாம் போடலாம். எப்போது போடுவது என்பதில்தான் டெல்டாக்காரர்கள் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும். ஜூலையில் குறுவைக் காப்பீடு, அக்டோபரில் கொள்முதல், நவம்பரில் சம்பாக் காப்பீடும் வாழ்நாள் சான்றும், தை மாசியில் மறுபடி கொள்முதல், மே, ஜூனில் கல்லூரிச் சேர்க்கைக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று. சேவை மையத்தில் கூட்டம் இல்லாத மாதங்களில் ஏப்ரல்தான் வசதி. முகாமை அப்போது வைத்தால் கடைக்காரர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூட்டம் நெரியும் மாதத்தில் வைத்தால் யாரும் வர மாட்டார்கள்.